வெடிச்சத்தத்துக்கு அஞ்சாத குட்டி

துப்பாக்கியைத் தொட்டே அறியாத மனிதன் வேட்டைநாய்க் குட்டி வாங்கப் போகக்கூடாது. சின்னப்பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எனக்கு அது ஐம்பது வயது தாண்டி, ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு பண்ணை முற்றத்தில், பிக்கப் வண்டிக்குக் கீழே குப்புறக் கிடந்தபோதுதான் விளங்கியது.

எங்கள் ஒரே மகள் மது படிக்கவென்று தொலைதூர ஹலிபாக்ஸ் நகரத்துக்குப் போன வருடம் அது. ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் எங்கள் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. நானும் மனைவி சுகந்தியும் சாப்பாட்டு மேசையில் கறிக்கு உப்புக் காணுமா, போதாதா என்பதற்கு மேல் பேச ஒன்றுமில்லாமல் இருந்தோம். (உப்பு எப்போதும் காணும். இருந்தாலும் கேட்பேன்.)

ஒருநாள் பூங்காக் குளத்தடியில் நடந்துகொண்டிருந்தேன். யாரோ ஒருவர் தண்ணீருக்குள் தடியை எறிந்தார். பழுப்பு நிற லாப்ரடோர் ஒன்று பாய்ந்து நீந்திப் போய், அதைக் கவ்விக்கொண்டு வந்து, அவர் உள்ளங்கையிலேயே வைத்தது. எறிந்த சாமான் திரும்பி வருகிறது! அந்த நிமிடத்தில் நாய் ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். லாப்ரடோரிலும் சோபாவில் படுப்பது ஒரு வகை, சுட்டு விழுத்திய வாத்தைத் தேடி எடுத்துவருவது இன்னொரு வகை. எனக்கு இரண்டாவதுதான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

“உமக்கு விளங்காது. அது திரும்பி வாறதுக்கெண்டே பழக்கின இனம்,” என்றேன்.

“எனக்கு நாயெண்டாலே பயம். கிட்டவும் வரமாட்டன்,” என்றாள் சுகந்தி. “நீங்கள் எங்கையாவது ஏமாந்து நிக்கக்கூடாதெண்டு காருக்குள்ள மட்டும் வந்து இருக்கிறன்.”

குட்டிகள் விற்கிற மார்கரெட் என்ற பெண்மணி தொலைபேசியில் முதலாவதாகக் கேட்ட கேள்வி, “என்ன வேட்டையாடுவீர்கள்?”

“வாத்து,” என்றேன் அசையாமல். (எனக்குத் தெரிந்த வாத்தெல்லாம் சீன உணவகத்துக் கண்ணாடிக்குள் சிவந்து தொங்குபவைதான்.)

சொன்ன பொய்க்குப் பொருத்தமாக, பச்சையும் மண்ணிறமும் கலந்த வேட்டைச் சட்டை ஒன்றையும் வாங்கினேன். புறப்படும் காலையில் அதைப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். சுகந்தி அப்படியே நின்றுவிட்டாள்.

“உந்தச் சட்டையைக் கழட்டுங்கோ.”

“ஏன், வடிவில்லையோ?”

“ஆமிக்காரன் படியால இறங்கி வாற மாதிரிக் கிடக்கு. கழட்டுங்கோப்பா.”

வேலைக்குப் போடும் கறுப்பு ஜாக்கெட்டோடு போனேன்.

பனி கரைந்து பண்ணை முற்றமெல்லாம் சேறு, ஒரு பக்கத்தில் பிக்கப் வண்டி ஒன்று. ஒரு சிறிய அடைப்புக்குள் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. மார்கரெட் அவற்றை முற்றத்தில் திறந்துவிட்டார். வீடியோக்களில் பார்த்த பரீட்சைகளை ஆரம்பித்தேன். குட்டியை மல்லாக்கப் பிடித்துப் பார்க்க வேண்டும், அதிகம் துள்ளாதது நல்ல குட்டி. ஒன்றைப் பிடித்தேன். கொஞ்சமும் துள்ளவில்லை. அமைதியாக என் ஜாக்கெட் கைக்குள் சிறுநீர் விட்டது.

அடுத்தது, சுருட்டிய காலுறையை எறிய வேண்டும். கொண்டுவர மறந்துவிட்டேன். காலில் இருந்ததையே கழற்றி உருட்டி எறிந்தேன். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு, “ஃபெச்! ஃபெச்!” என்று நான் கத்த, எல்லாக் குட்டிகளும் காலுறையை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தன. ஒன்று மட்டும் ஓடிப்போய் அதைக் கவ்வியது. பழுப்பு நிறப் பெட்டைக்குட்டி, கழுத்தில் பச்சை நாடா. என்னைத் தாண்டி, காரை விட்டு இறங்கி வேலியோரம் நின்ற சுகந்தியிடம் போய், அவள் காலிலிருந்த சப்பாத்தின்மேல் காலுறையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

“சீ, போ,” என்றாள் சுகந்தி. பிறகு குனிந்தாள். “என்னடி, எனக்கே தாறாய்?”

மார்கரெட் என்னிடம் ஏதோ சொல்லிவிட்டுக் களஞ்சியத்துக்குப் பின்னால் போனார். குட்டிகள் வெடிச்சத்தத்துக்குப் பயப்படுகின்றனவா என்று பார்ப்பதற்காக வெற்றுத் தோட்டா வெடிக்கப் போவதாகச் சொன்னாராம். நான் சுகந்தியைப் பார்த்துக்கொண்டே, “யா, யா” என்றிருக்கிறேன்.

டுமீல்.

யோசித்ததாக ஞாபகமே இல்லை. வாயில் சேறு. தலைக்கு மேலே பிக்கப் வண்டியின் அடிப்பாகம். பக்கத்தில் சுகந்தி, அவளும் குப்புற. நாயென்றால் கிட்டவும் வராத என் மனைவி, பச்சை நாடாக் குட்டியை வயிற்றுக்குக் கீழே வைத்து மூடிக்கொண்டு கிடந்தாள். மற்றக் குட்டிகள் வாலை ஆட்டிக்கொண்டு வந்து எங்கள் காதுகளை நக்கின.

மார்கரெட் ஓடிவந்து முழந்தாளிட்டு எட்டிப் பார்த்தார்.

“அடிபட்டதா? நீங்கள்... எங்கிருந்து வந்தவர்கள்?”

“அஜின்கோர்ட்,” என்றேன் வண்டிக்குக் கீழிருந்து.

“அதற்கு முன்னால்?”

“யாழ்ப்பாணம்.”

அவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பாரோ தெரியாது. எங்களை உள்ளே கூட்டிப்போய், சேற்றைத் துடைக்கத் துவாயும் தேநீரும் தந்தார். நான் வேட்டைக்காரன் இல்லை என்ற உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். “அது தொலைபேசியிலேயே தெரிந்தது,” என்றார்.

குட்டி சுகந்தியின் மடியில் தூங்கிவிட்டது. மார்கரெட் அதைத் தடவிக்கொண்டே சொன்னார்: “உங்களுக்கு இவளைத் தர முடியாது. மன்னியுங்கள். இவள் வேலைக்கென்று பிறந்தவள். துப்பாக்கிச் சத்தம் கேட்டால்தான் இவளுக்குச் சந்தோஷம். உங்கள் வீட்டில் அந்தச் சத்தம் ஒருநாளும் கேட்கக்கூடாது, இல்லையா?”

நான் தலையாட்டினேன். சுகந்தி, தேநீர் முடியும்வரை வைத்திருக்கட்டுமா என்று கேட்டாள். அவள் அவ்வளவு மெதுவாகத் தேநீர் குடித்து நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது 404 நெடுஞ்சாலையில் சுகந்தி சொன்னாள்:

“அதுக்கு நெஞ்சு அடிக்கவே இல்லையப்பா. எனக்குத்தான் அடிச்சது. அது பாவம், என்னைத் தேற்றுற மாதிரிக் கையை நக்கிக்கொண்டு கிடந்தது.”

நெடுஞ்சாலையை விட்டு வெளியேறும் பாதையைத் தவறவிட்டேன்.

மதுவுக்குக் கதையைச் சொன்னதுதான் பிழை. வீட்டில் சட்டி விழுந்தால்கூட, “அப்பா, காருக்குக் கீழயோ?” என்று கேட்கிறாள். கனடா தின வாணவேடிக்கைக்குத் தவறாமல் தொலைபேசி எடுக்கிறாள். சிரிக்கத்தான் எடுப்பதாகச் சொல்வாள். ஆனால் கடைசி வாணம் வெடித்து அடங்கும்வரை வைக்கமாட்டாள்.

அந்த இலையுதிர் காலத்தில் மார்கரெட் ஒரு படம் அனுப்பினார். சதுப்பு நிலத்து நாணல்களுக்கு நடுவே, நீர் சொட்டச் சொட்ட, வாயில் வாத்தோடு பழுப்பு நாய், அந்தப் பச்சை நாடாக் குட்டிதான். “என்ன வளத்தி!” என்றாள் சுகந்தி. அன்றிலிருந்து அதுதான் அவள் தொலைபேசியின் முகப்புப் படம்.

கொண்டாட்டங்களில் யாராவது எட்டிப் பார்த்து, “நாய் வளக்கிறியளோ?” என்று கேட்பார்கள். “ஓம், எங்கட நாய்தான். வேலை தூரத்தில,” என்பாள். மது, “அம்மா, ஷீ டஸின்ற் ஈவன் நோ யூ! அதுக்கு உங்களை ஆரெண்டே தெரியாது!” என்று தலையில் கைவைப்பாள். எங்கள் சொந்தக்காரருக்கெல்லாம் இது இப்போது மனப்பாடம்.

போன பிறந்தநாள் விழாவொன்றில், புதிதாக அறிமுகமான ஓர் அன்ரி மட்டும் அதை உண்மையென்றே நம்பிவிட்டார். “அப்ப எப்ப பிள்ளை வீட்டை வரும்?” என்று கவலையோடு கேட்டார். மேசையைச் சுற்றி எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சுகந்தி சிரிக்கவில்லை. படத்தை இன்னொருமுறை பார்த்தாள்.

“வேட்டைச் சீசன் முடிய வரும் அன்ரி,” என்றாள்.