ஆறு கிலோ நானூறு

மனைவியையும் மகளையும் இன்றைக்குக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று மணிமாறன் உறுதி எடுத்துக்கொண்ட ஏழாவது ஞாயிற்றுக்கிழமை அது. முந்தைய ஆறு ஞாயிறும் திண்டிவனம் போய், மாமியார் வைத்த கோழிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு, தனியாகவே விழுப்புரம் திரும்பியிருந்தான்.

கலைப்பிரியா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவள். மூன்றாம் மாதம் அனுப்புவதாகப் பேச்சு. மூன்றாம் மாதம் குழந்தைக்குச் சளி பிடித்தது. நான்காம் மாதம் ஆடி பிறந்தது. இப்போது ஐந்து மாதம் முடிந்துவிட்டது. குழந்தை குப்புறக் கவிழ்ந்து தலையைத் தூக்கிச் சிரிக்கிறது. அது முதன்முதலில் கவிழ்ந்ததை அவன் போனில்தான் பார்த்தான். ஏங்கிப்போயிருக்கிறேன் என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் எப்போதோ வந்திருப்பார்கள். அதுதான் அவனுக்கு வராது. கல்யாணமான இரண்டு வருஷத்தில் அவன் மனைவியிடம் பேசிய மிக உருக்கமான வசனம், "சாப்டியா".

ஆகவே திட்டம் போட்டான். அவனுக்கு வேலை மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுவது. மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்லுவான். தராசு அதற்குப் பிறகு ஆமாம் போடும். அந்தக் கையின் மேல் மாமியார் பாஞ்சாலிக்கும் பெரிய நம்பிக்கை. போனில் தேடினான். ஐந்து மாதப் பெண் குழந்தை ஏழு கிலோவை ஒட்டி இருக்கும் என்று போட்டிருந்தது. போதும். குழந்தையைத் தூக்க வேண்டியது, முகத்தைச் சுளிக்க வேண்டியது, எடை குறைச்சல், திண்டிவனத்துத் தண்ணீர் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக் கூட்டி வந்துவிட வேண்டியது. பத்து நாளாக, போன் பண்ணும்போதெல்லாம் எடை என்ன, எடை என்ன என்று கேட்டு அதற்கு அடிபோட்டும் வைத்திருந்தான்.

பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டும் வரை முகத்தைச் சுளித்துப் பழகினான். பக்கத்து சீட்டுக்காரர் பயந்துபோய் எழுந்து ஜன்னலோர இடத்தைக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் குழந்தையைத்தான் கையில் வாங்கினான். அது அவனை யாரோ என்று பார்த்தது. உதடு பிதுங்கியது. அழுதுவிடும் என்று அவன் நினைத்த நேரத்தில் அவன் மூக்கைப் பிடித்து இழுத்தது. வாரா வாரம் இதே கதைதான். ஆறு நாளில் அப்பனை மறந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. அந்த நினைப்பில் முகம் தானாகவே சுளித்துக்கொண்டது. நடிக்க வேண்டிய வேலையே இல்லை.

"ஆறு நானூறுதான் இருக்குது அத்தை," என்றான். "ஏழு இருக்கணும். இந்த ஊர் தண்ணி ஒத்துக்கல போல."

பாஞ்சாலி கவலையாகத் தலையை ஆட்டினாள்.

"நல்ல வேளை சொன்னீங்க மாப்ள. புதன்கிழமை நாள் நல்லா இருக்குது, அனுப்பி வச்சிடலாம்னு இருந்தேன். எடை கொறைஞ்ச புள்ளைய எப்படி அனுப்புறது? இன்னும் ரெண்டு மாசம் இருந்து தேறட்டும்."

மணிமாறன் விரலை மடித்து எண்ணினான். புதன்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள். அந்த இரண்டு நாளைத் தன் வாயாலேயே இரண்டு மாதம் ஆக்கிக்கொண்டான்.

கலைப்பிரியா எதற்கும் பார்த்துவிடலாம் என்று பக்கத்து வீட்டு நர்சு சவுரியம்மாளை அழைத்து வந்தாள். அவர் கொண்டு வந்த எடை மெஷினில் குழந்தையைப் படுக்க வைத்தார். ஆறு கிலோ நானூறு. ஒரு கிராம் பிசகவில்லை. தன் கை இன்றைக்கு ஒருநாள் தப்பியிருக்கக் கூடாதா என்று மணிமாறன் ஏங்கினான்.

சவுரியம்மாள் குழந்தையின் அட்டையைப் பிரித்துக் காட்டினார். பிறக்கும்போது இரண்டு எழுநூறு; இப்போது அதுபோல் இரண்டு பங்குக்கு மேல். மாதாமாதம் வைத்த புள்ளி ஏறிக்கொண்டேதான் வருகிறது. ஏழு கிலோ என்பது நடுவாந்திரமான கணக்கு, பாஸ் மார்க் இல்லை. அதற்குக் கொஞ்சம் மேலேயும் கீழேயும் இருக்கிற பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள்தான். பால் குடிக்கிறது, விளையாடுகிறது, அப்புறம் என்ன என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாஞ்சாலி மசியவில்லை. நர்சம்மா சொல்வது சரிதான், ஆனால் மாப்பிள்ளை கையே குறைச்சல் என்று சொல்லிவிட்டதே என்றாள். அடுத்த அரை மணி நேரம் மணிமாறன் தனக்கு எதிராகத் தானே வாதாடினான். அட்டையைக் காட்டினான். ஆறு நானூறு எவ்வளவு அருமையான எடை என்று விளக்கினான். குழந்தையின் தொடையில் இருந்த மடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினான்.

அப்போதுதான் கலைப்பிரியா வாயைத் திறந்தாள்.

"பின்ன எதுக்கு கம்மின்னு சொன்னீங்க? பத்து நாளா எடை, எடைன்னு கேட்டுக்கினு இருந்தீங்களே, அது எதுக்கு?"

கைவசம் இருந்த பொய் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வூட்டுக்கு வந்தா ஒரு சத்தம் இல்ல கலை. தொட்டில் கட்டறதுக்குக் கொக்கி மாட்டி ரெண்டு மாசம் ஆவுது. அதைப் பாத்துக்கினேதான் சாப்புடறேன். போன்ல வேற என்ன கேக்கறதுன்னு தெரியல. அதான் எடைய கேட்டுக்கினு இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் இல்லாம என்னால முடியல."

கலைப்பிரியா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தாள். நான்கு பைகள், ஒரு பக்கெட், சுருட்டிக் கட்டிய பாய். எல்லாம் ஜிப் போட்டு, கயிறு கட்டி, தயாராக இருந்தன. ஐந்து மாதச் சாமானை ஐந்து நிமிடத்தில் எப்படிக் கட்டினாள் என்று மணிமாறனுக்குப் புரியவில்லை. வாசலில் ஆட்டோ வேறு நின்றுகொண்டிருந்தது. யார் கூப்பிட்டார்கள் என்றும் தெரியவில்லை.

பாஞ்சாலி பேத்தியின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, மனசே இல்லாமல் அவன் கையில் கொடுத்தாள். கண் கலங்கியிருந்தது.

"நல்லா பேசினீங்க மாப்ள," என்றாள். "எனக்குத்தான், உங்கள பேச வைக்க இவ சொல்லிக் குடுத்ததுல பாதி மறந்துபோச்சு."