கொப்பு இறக்கிய கோயில்பிள்ளை

கைபேசி மறுபடி அடித்தபோது, ஆம்புரோஸ் விருந்தாளிகளோடு உப்பு ஏரியை இரண்டாவது தடவையாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இப்ப வந்துடாதே," என்றார் மனைவி ஹெர்மினா, எடுத்த எடுப்பில். "அடுப்புல இன்னும் சூடே ஏறல. வாத்து பச்சையா உட்கார்ந்திருக்கு."

"நான் ஒரு நிமிஷம் வந்து அந்தச் சூட்டுத் திருகை மட்டும் கொஞ்சம்..."

"நீ திருகினதாலதானே இந்தக் கதி! பேசாம அவங்களுக்கு ஏரியெல்லாம் காட்டு. வழியில எதையும் வாங்கிக் கொடுத்து வயித்தை நிரப்பிடாதே. வாத்து மிஞ்சினா வெரேனா அழுதுடுவா."

ஆம்புரோஸுக்கு முகம் வாடிவிட்டது. மகள் வெரேனாவைக் கட்டப்போகும் பையனின் அப்பாவும் அம்மாவும் முதன்முதலாக வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அந்த விருந்து கெட்டால் அது அவர் கையால் கெட்டதாகும். ஊர் மாதா கோயிலில் அவர் கோயில்பிள்ளை. மணி அடிப்பார், மெழுகுவர்த்தி ஏற்றுவார், பூசை நடுவில் எழுந்து போய் எரிகிற திரியை நிமிர்த்தி வைப்பார். எதையும் அதன் போக்கில் விட அவருக்குத் தெரியாது. காலையிலிருந்து வாத்து எப்படி இருக்கிறது என்று அடுப்பின் கதவைத் திறந்து திறந்து பார்த்திருந்தார். போதாதென்று சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகை வேறு தொட்டுவிட்டார்.

"என்ன சம்பந்தி, வீட்டுலயா?" என்று கேட்டார் வெண்டலின். பெரிய தொப்பையும் பொறுமையான முகமும் கொண்ட மனிதர்.

"ஆமாம். சாப்பாட்டுக்கு அவசரமே இல்லைன்னு சொன்னா. நீங்க களைச்சுப் போயிருந்தா இப்படி உட்காரலாம்."

"களைப்பா? எங்களுக்கா?" வெண்டலின் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

ஒட்டிலியா ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு விரலை நீட்டி, "அதோ, அந்த நாணலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்றார்.

"இன்னொரு ஏரி."

"அதையும் பார்த்துடுவோமே!"

இப்படி நடைப்பித்துப் பிடித்தவர்களை ஆம்புரோஸ் கண்டதில்லை. அவருக்கே முட்டி வலிக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் விருந்தாளி கேட்டுவிட்டார்.

சுற்றிப் போகும் பாதை நீளம். அவருடைய மனமோ வீட்டு அடுப்பையே சுற்றிக்கொண்டிருந்தது. "குறுக்கு வழி இருக்கு," என்று நாணலுக்குள் புகுந்தார். போன வாரம் பெய்த மழையை அவர் மறந்துவிட்டார். பத்தடி போவதற்குள் பின்னால் 'சளக்' என்று ஒரு சத்தம். ஒட்டிலியா ஒற்றைக் காலில் நின்றார். மற்றக் கால் செருப்பைச் சேறு விழுங்கிவிட்டது.

வெண்டலின் குனிந்து தோள்வரை கையை விட்டுத் துழாவினார். ஒரு தவளைதான் அகப்பட்டது.

"இதை வச்சுக்கறியா?" என்று மனைவியிடம் காட்டினார்.

"அதுக்கு ஜோடி எங்கே?" என்றார் ஒட்டிலியா.

ஆம்புரோஸ் ஒன்றும் யோசிக்கவில்லை. தம் பூட்ஸ் இரண்டையும் கழற்றி அந்த அம்மாளின் காலடியில் வைத்தார். "போட்டுக்குங்க. நான் காலுறையோட நடப்பேன். எனக்குப் பழக்கம்." பழக்கம் என்பது பொய். அதற்காக மனசுக்குள் சிலுவை போட்டுக்கொண்டார்.

சேற்றிலிருந்து தப்பி, மேட்டுத் திராட்சைத் தோட்டத்துக்கு ஏறினார்கள். கடைசி அறுவடைக்கு விட்டுவைத்த பழங்கள் கொடியிலேயே சுருங்கித் தேனாக இனித்துக் கிடந்தன. அதற்காகக் குருவிக் கூட்டம் மேலே வட்டமிட்டது. "இங்க காலுக்கு மெத்துனு இருக்கும்," என்று ஆம்புரோஸ் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து வரிசையில் குருவி விரட்டும் வெடிக்குழாய் 'டமார்' என்று முழங்கியது. வெண்டலின் முழு நீளத்துக்கும் மண்ணில் விழுந்து படுத்துவிட்டார்.

"ஐயோ சம்பந்தி! அடி பட்டுச்சா?"

"இல்லை," என்றார் வெண்டலின், எழுந்திருக்காமலே. "இப்படிக் கொஞ்சம் படுத்திருக்கேன். சுகமா இருக்கு."

அப்போது அவர் சட்டைப்பையில் கைபேசி கிணுகிணுத்தது. படுத்தபடியே எடுத்துப் படித்தார். மனைவியைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். ஒட்டிலியா வானத்தைப் பார்த்து, "இங்க நாரைகூட வருமாமே? அது எந்தப் பக்கம்?" என்றார் பலவீனமான குரலில்.

"நாரையெல்லாம் எப்பவோ தெற்கே போயாச்சு, அம்மா."

"சரி, கூட்டையாவது பார்ப்போம்."

கூடு ஊர் எல்லையில், சிற்றாலயத்தின் கூரை உச்சியில் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தபோதுதான் ஆம்புரோஸ் தாம் செய்த பெரிய தப்பை உணர்ந்தார். சிற்றாலயத்தைத் தாண்டினால் தெரேசியாவின் வீடு. அதன் வாசல் கம்பத்தில் பச்சைப் பசேலென்று ஓர் ஊசியிலைக் கொப்பு தொங்கியது.

கொப்பு தொங்கினால் வீட்டு ஒயின் உண்டு, ரொட்டியும் கொழுப்பிறைச்சியும் உண்டு, யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். கொப்பு இல்லாவிட்டால், கதவு அகலத் திறந்திருந்தாலும் அந்த ஊரில் ஒருவரும் படி ஏறமாட்டார்கள். தெரேசியா வெட்டி வைக்கும் இறைச்சித் தட்டைப் பார்த்தவர்கள் அதற்கப்புறம் வாத்தைத் திரும்பிப் பார்க்கப்போவதில்லை.

"நீங்க கூட்டை நல்லா பாருங்க. நான் அந்தப் பக்கம் வழி சரியா இருக்கான்னு பார்த்துட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு ஆம்புரோஸ் காலுறையோடு ஓடினார். கம்பத்தை எக்கிப் பிடித்துக் கொப்பைக் கழற்றினார். மதிலுக்குப் பின்னால் போட்டுவைத்து, சாயங்காலம் வந்து மாட்டிவிடலாம் என்பது திட்டம். ஆனால் அதற்குள் அவர்கள் இருவரும் மூலை திரும்பிவிட்டார்கள்.

"அது என்ன, சம்பந்தி?"

"இதுவா? மாதா பீடத்துக்கு. அலங்காரம்."

மாதாவையே பொய்க்குள் இழுத்துவிட்டோமே என்று மனசுக்குள் இன்னொரு சிலுவை போட்டுக்கொண்டார். தெரேசியா அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவருடைய அன்றைய வியாபாரத்தையும் அல்லவா கையில் பிடித்திருக்கிறோம்?

வெண்டலின் திறந்த வாசலை ஏக்கமாகப் பார்த்தார். "இது ஒயின் வீடு மாதிரி இருக்கே. உள்ளே போய்ச் சாயங்காலம் வரைக்கும்கூட உட்காரலாம் போலிருக்கு."

"இன்னிக்கு லீவு. பாருங்க, கொப்பு இல்லை."

ஒட்டிலியாவின் கண்ணில் நீர் தளும்பியதுபோல் இருந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டார் ஆம்புரோஸ்.

கொப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பினார். எதிரே சிவப்புச் சட்டை போட்ட ஒரு நடைப்பயணக் கூட்டம் வந்தது. கொப்பைக் கண்டதும் முன்னால் வந்த பெண்மணி கையை உயர்த்தினார். "நில்லுங்க! இவர் இப்பத்தான் கடை திறக்கப் போறார்!"

"இல்லீங்க, நான் கோயில்பிள்ளை..."

"ஆளு யாரா இருந்தா என்ன? கொப்பு போற இடத்துல ஒயின் இருக்கும். மெதுவாவே போங்க, நாங்க பின்னாலயே வர்றோம்."

ஆம்புரோஸ் வேகமாக நடந்தார். அவர்களும் வேகமாக நடந்தார்கள். கிளைத்தெருவில் திரும்பினார். அவர்களும் திரும்பினார்கள். கொப்பை வேலியோரம் போட்டுப் பார்த்தார். ஒருவர் அக்கறையாக எடுத்து, "விழுந்துடுச்சு, ஐயா," என்று கையில் கொடுத்தார். யாரோ பாட ஆரம்பித்தார்கள். தேர்த் திருவிழாவில் மாதா சுரூபம் சுமப்பவரைப்போல ஆம்புரோஸ் காலுறையோடு முன்னே போனார். பூட்ஸ் தடதடக்க ஒட்டிலியாவும், முதுகெல்லாம் மண்ணோடு வெண்டலினும் பின்னால் வந்தார்கள். போக வேறு இடமில்லாமல் அந்த ஊர்வலம் அவர் வீட்டு வாசலிலேயே போய் நின்றது.

கூட்டம் முற்றத்துப் பெஞ்சுகளில் நிறைந்து உட்கார்ந்தது. சமையலறையிலிருந்து ஹெர்மினா ஓடிவந்தார். "யாரு இவங்கல்லாம்? காலணி எங்கே? அது என்ன கையில?"

பதில் தெருவிலிருந்து வந்தது. "என் கொப்புதான்!" தெரேசியா இடுப்பில் கை வைத்து நின்றார். "மூணு தெரு பாட்டுச் சத்தத்தைக் கேட்டே வந்தேன்."

"நான்தான் கழற்றினேன், தெரேசியா," என்றார் ஆம்புரோஸ். அதற்குமேல் பொய் சொல்ல அவரிடம் தெம்பு இல்லை. "வாத்துக்குப் போட்டியா வந்துடும்னு பயந்து போயிட்டேன். தப்புதான்."

தெரேசியா முற்றத்தைப் பார்த்தார். தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்த களைத்த முகங்களைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை. "வாசலுக்கு வர்ற ஆளைத் துரத்திட்டு, தெருவுல போற ஆளையெல்லாம் பிடிச்சு வச்சிருக்கே. சரி, பாதி மன்னிச்சாச்சு. மீதிக்கு நாளைக்கு வந்து பாத்திரம் கழுவு." சொல்லிவிட்டு ரொட்டியும் ஒயின் ஜாடியும் எடுத்துவரப் போனார். ஹெர்மினாவும் வந்தவர்களை வெளியே போகச் சொல்லவில்லை. தட்டுகளை எடுத்து அடுக்கத் தொடங்கிவிட்டார்.

அந்தச் சந்தடியில் ஆம்புரோஸ் சமையலறைக்குள் நழுவினார். அடுப்பின் கதவைத் திறந்தார். குப்பென்று அனல் முகத்தில் அடித்தது. உள்ளே வாத்து பொன்னிறமாக, தோல் மொறுமொறுக்க, நெய் சொட்ட உட்கார்ந்திருந்தது.

"ஆண்டவரே!" அவர் அப்படியே முழந்தாளிட்டார். "ஹெர்மினா! ஓடி வா! அடுப்பு தானா சரியாயிடுச்சு! அற்புதம் நடந்திருக்கு!"

ஹெர்மினா வந்து நின்றார். ஏனோ கணவர் முகத்தைப் பார்க்காமல் அடுப்பின் கதவைச் சட்டென்று சாத்தினார்.

பின்னாலேயே வந்த ஒட்டிலியா முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பெரிய பூட்ஸ் இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தார். வீங்கிய பாதத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்க, சம்பந்தியம்மா. வாத்து வெந்து முடியற வரைக்கும் இவரை இந்த அடுப்புப் பக்கம் வராம எங்கயாவது நடத்திக் கூட்டிட்டுப் போங்கன்னு காலையில கெஞ்சிக் கேட்டீங்க. எங்க காலுக்கு இதுக்குமேல முடியல."