ஓகிதா பெலிகன்ஸ் வருத்தம் தெரிவிக்கிறது

ஓகிதா பெலிகன்ஸ் ஒரு தொழில்முறை பேஸ்பால் அணி. தோற்பது அதன் வழக்கம். இதில் ஏதோ முரண் இருப்பதாக உங்களுக்குத் தோன்றினால், நீங்கள் ஹமாசே துறைமுக நகரத்தில் வரி கட்டி வாழ்ந்தவர் இல்லை என்று அர்த்தம்.

அணி பிறந்ததே ஒரு மன்னிப்பில்தான். முன்னொரு கோடையில் ஓகிதா நிறுவனத்தின் மீன் உருண்டையைத் தின்று ஊரே கழிப்பறைக்கு ஓடியது. முதலாளி ஓகிதா கேமராக்கள் முன்னால் குனிந்து அழுதார். அழுகையின் வேகத்தில், இந்த நகரத்துக்கு ஒரு பேஸ்பால் அணி தருகிறேன் என்றும் வாக்குக் கொடுத்துவிட்டார். கழிப்பறையிலிருந்து வெளியே வந்த ஊர் கைதட்டியது. ஆரம்ப காலத்தில் அணி ஒருமுறை கோப்பைகூட வாங்கியது. அதன் பிறகு பட்டியலின் கடைசி இடத்துக்குப் போய், சொந்த வீடு கட்டியதுபோல அங்கேயே குடியேறிவிட்டது.

இப்போது நிறுவனம் பேரன் ஓகிதா ததாமிச்சியின் கையில். மைதானத்தில் மனிதர்களைவிடக் கடற்பறவைகள் அதிகம். மலைப்பக்கத்து நகரம் ஒன்று அணியை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. உரிய பரிசீலனைக்குப் பிறகு தலைவர் ததாமிச்சி ஆள் அனுப்பி நிஷிவாக்கியை வரச் சொன்னார்.

நிஷிவாக்கி புகார்ப் பிரிவின் அதிகாரி. மீன் உருண்டையில் முடி, முள், ஒருமுறை சட்டைப் பித்தான் என்று எது கிடைத்தாலும், வாடிக்கையாளர் வீட்டு வாசலில் போய்க் குனிந்து நிற்பதே அவருடைய உத்தியோகம். அவர் குனிவதைப் பார்த்துவிட்டு, புகார் கொடுத்தவர்களே தேநீர் கொடுத்து அனுப்பியதுண்டு.

"பேஸ்பால் தெரியுமா?" என்று தலைவர் கேட்டார்.

"தெரியாதுங்க. மன்னிக்கணும்."

"அதான் வேணும். தெரிஞ்சவங்களைப் போட்டுத்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கோம். இன்னையிலேருந்து அணிக்கு நீங்கதான் மேலாளர்."

இந்த ஒரு பருவத்துக்குள் மைதானம் நிறைந்தால் நிஷிவாக்கிக்கு இயக்குநர் குழுவில் நாற்காலி. நிறையாவிட்டால் அணி மலைக்கு, நிஷிவாக்கி அபாஷிரிக்கு. அபாஷிரியில் நிறுவனத்துக்கு ஒரு குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே உள்ளே இருப்பதைவிட வெளியே குளிர் அதிகம் என்பதால், வேலையாட்கள் கிடங்குக்குள் போய்த்தான் சூடு காய்வார்கள். நிஷிவாக்கிக்கு முழங்காலில் வாதம். அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

முதல் ஆட்டத்தில் பெலிகன்ஸ் முறைப்படி தோற்றது. ஜனங்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாத நிஷிவாக்கி, தெரிந்ததைச் செய்தார். ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர் தொபாஷி, மைதானம் பெருக்குபவர்வரை அனைவரையும் மைதானத்தின் நடுவே வரிசையாக நிறுத்தி, இடுப்பு வளையக் குனிய வைத்தார். தானும் குனிந்தார். நிமிரவே இல்லை.

வாசல்வரை போனவர்கள் நின்றார்கள். பின்னால் வெளிவரிசை இருக்கைகளில் பெருமுரசு அடிக்கும் மிட்சுவேயும் நின்றாள். அவள் மைதான வாசலில் கணவாய் சுட்டு விற்பவள். பெலிகன்ஸின் எல்லாத் தோல்விக்கும் முரசடித்தவள்.

"ஆடும்போது ஒருத்தனும் இவ்வளவு ஒழுங்கா நின்னதில்லையே," என்றாள்.

மறுநாள் கூட்டம் கொஞ்சம் கூடியது. அடுத்த வாரம் இன்னும் கூடியது. வந்தவர்கள் எல்லாம், ஒன்பது சுற்று ஆட்டத்தில் எட்டாவது சுற்றில்தான் வந்தார்கள். ஆட்டத்தைப் பார்த்து நேரத்தை வீணாக்க அவர்களுக்கு மனமில்லை. மன்னிப்புக்கு நல்ல இடம் கிடைத்தால் போதும்.

நிர்வாகம் மக்களின் விருப்பத்தை மதித்தது. சாதாரணத் தோல்விக்குச் சாதாரணக் குனிவு, கேவலமான தோல்விக்கு ஆழ்ந்த குனிவு, ஒரு ஓட்டம்கூட எடுக்காத தோல்விக்கு மண்டியிடுதல் என்று தரம் பிரிக்கப்பட்டது. காலைப் பயிற்சியில் பந்து குறைந்து இடுப்பு கூடியது. பந்தை வீணாகப் பிடித்துவிடும் இளைஞர்களுக்கு அன்போடு அறிவுரை வழங்கப்பட்டது. பெண்கள் பத்திரிகைகளில், கணவன் முன் எப்படிக் குனிவது என்றில்லாமல், கணவனை எப்படிக் குனிய வைப்பது என்று பெலிகன்ஸ் படத்தோடு கட்டுரைகள் வந்தன. நகர மேயர், தன் ஊழலுக்குப் பெலிகன்ஸ் பாணியில் வருத்தம் தெரிவித்து, அமோகமாக மறுபடியும் ஜெயித்தார்.

எல்லாரையும்விடப் புகழ் பெற்றவர் கிதாஸுமே. வயதான பந்துவீச்சாளர். உயரமானவர் என்பதால் அவர் குனிவதற்கே நேரம் பிடிக்கும். பெண்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். குனிந்து குனிந்து அவருக்கு முதுகு போனது. முதுகு போனதால் பந்து போனது. பந்து போனதால் இன்னும் தோற்றார், இன்னும் குனிந்தார். நிர்வாகத்தின் பார்வையில் இதைவிடச் சீரான ஏற்பாடு இருக்க முடியாது.

நல்ல பெயர் எடுத்தால் போட்டிக்கு ஆள் வராமல் இருக்குமா? மற்ற அணிகளும் குனிய ஆரம்பித்தன. அதிலும் மியாதா ஸ்டாலியன்ஸ் ஒரு ரயில் கம்பெனியின் அணி. வண்டி இருபது நொடி முன்னதாகப் புறப்பட்டுவிட்டது என்பதற்கே மன்னிப்புக் கேட்டுப் பழகிய பரம்பரை. அவர்கள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக் குனிந்தபோது ஹமாசே கொஞ்சம் ஆடித்தான் போனது.

பருவத்தின் கடைசி ஆட்டம் இந்த இரண்டு அணிகளுக்கும் நடுவில் அமைந்தது. தோற்பவருக்கே மன்னிப்புக் கேட்க மைக் என்பதால் நாடே ஆவலோடு இருந்தது. சீட்டுகள் தீர்ந்துவிட்டன. தலைவர் ததாமிச்சி பட்டுக் கைக்குட்டையோடு வந்து உட்கார்ந்தார்.

ஆட்டத்துக்கு முன்னால் கிதாஸுமே நிஷிவாக்கியின் அறைக்கு வந்தார்.

"நிஷிவாக்கி சான், இதோட நான் ஓய்வு. ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டுப் போறேனே."

"இன்னைக்கா? இன்னைக்குப் போய் இதைக் கேக்கறீங்களே. உங்க குனிவுக்காக எவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காங்க தெரியுமா?"

"அவங்க ஊருக்குப் போயிடுவாங்க. நான் வீட்டுக்குப் போய் எம்பொண்டாட்டிகிட்ட என்ன சொல்றது? அவ இத்தனை வருஷமும் சட்டையைத் துவைச்சுக் குடுத்தது குனியறதுக்கா?"

 நிஷிவாக்கியின் கண்முன் அபாஷிரி வந்தது. மன்னிக்கணும் என்று பழக்கத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆட்டம் தொடங்கியது. மியாதாக்காரர்கள் பந்து போன பிறகு மட்டையைச் சுழற்றினார்கள். பெலிகன்ஸ்காரர்கள் தப்பித்தவறி மட்டையில் பட்டுத் தங்களை நோக்கி வந்த பந்துக்கு மரியாதையாக வழிவிட்டார்கள். ஓட வேண்டிய மியாதாக்காரரோ ஓடாமல் காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். இப்படி இரு தரப்பும் உயிரைக் கொடுத்துத் தோற்க முயன்றதில் யாருக்கும் ஓட்டம் விழவில்லை.

வழக்கமாக நிஷிவாக்கி மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மன்னிப்பு உரையை மனப்பாடம் செய்வார். அன்று உரை முன்னமே மனப்பாடமாகிவிட்டது. வேறு வேலை இல்லாததால் திரும்பி ஆட்டத்தைப் பார்த்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவை.

கிதாஸுமே ஒருவர் மட்டும் நிஜமாக வீசிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பந்துக்கும் முதுகைப் பிடித்துக்கொண்டார், மறுபடியும் வீசினார். மட்டையைச் சும்மா ஆட்டிக்கொண்டிருக்கும் எதிராளிக்கு அவ்வளவு நல்ல பந்து எதற்கு என்று நிஷிவாக்கிக்குப் புரியவில்லை.  ஆனால் பார்க்கப் பார்க்க, இந்த மனிதரை என்ன பாடு படுத்திவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

ஒன்பதாவது சுற்றின் கடைசிப் பாதி. மட்டை பிடிக்கும் முறை கிதாஸுமேவுக்கு வந்தது. மியாதா வீச்சாளர், குழந்தைக்குப் போடுவதுபோலப் பந்தைப் போடக் காத்திருந்தார். பயிற்சியாளர் தொபாஷி ஆணைக்காக மேலே நின்ற நிஷிவாக்கியைப் பார்த்தார். அவர் தொப்பியைத் தொட்டால் பந்தை அடிக்காமல் விட்டுவிடு என்று அர்த்தம்.

நிஷிவாக்கியின் கை தொப்பிவரை போனது. அங்கிருந்து இறங்கி முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"அடிங்க, கிதாஸுமே சான்," என்று கத்தினார். "நல்லா அடிங்க."

கிதாஸுமே தன் வாழ்நாளில் அடித்த முதல் ஹோம் ரன் அது. பந்து மிட்சுவேயின் முரசைத் தாண்டிப் போய் விழுந்தது. பெலிகன்ஸ் ஜெயித்துவிட்டது.

 கிதாஸுமே முதுகைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே சுற்றி ஓடி வந்தார். பிறகு எங்கிருந்தோ ஒரு குரல், "எங்களை ஏமாத்திட்டாங்க" என்றது. அவ்வளவுதான், இருக்கை மெத்தைகள் பறந்தன. ஜெயித்ததற்கு மன்னிப்புக் கேள் என்று கூட்டம் ஒரே குரலில் முழங்கியது. தலைவர் ததாமிச்சி கைக்குட்டையை அசைத்து, போ, போய்க் குனி என்று ஜாடை காட்டினார்.

நிஷிவாக்கி மைக் முன்னால் போய் நின்றார். இடுப்பு வளைய மறுத்தது.

"ஜனங்களே, எனக்கு இன்னைக்கு வருத்தமே வரலை. சந்தோஷமா இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த வருஷம் பூரா நாங்க மன்னிப்புக் கேட்டோமே, உங்கள்ல யாராவது ஒருத்தர் மன்னிச்சீங்களா?"

 மன்னிப்பது என்று ஒன்று இருப்பதையே கூட்டத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை; மன்னித்துவிட்டால் நாளைக்கு எதற்காக வருவது?

வெளிவரிசையில் மிட்சுவே முரசுக் கட்டையைக் கீழே வைத்தாள். "நான் மன்னிச்சுட்டேன்யா," என்றாள். "எல்லாத்தையும் மன்னிச்சாச்சு. இன்னைக்கு நல்லா ஆடினீங்க. போய்ச் சாப்பிடுங்க."

மைதானம் நிறைந்திருந்தும், குனிய மறுத்ததற்காக நிஷிவாக்கி அந்த வாரமே அபாஷிரிக்கு அனுப்பப்பட்டார். கிதாஸுமே மனைவியோடு சொந்த ஊருக்குத் திரும்பினார். அணி விற்கப்படும் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் ஆட்டத்துக்கு மறுநாள் காலையிலேயே பெலிகன்ஸ் ரசிகர் சங்கம் பத்திரிகையாளர்களைக் கூட்டியது. சங்க நிர்வாகிகள் கறுப்பு உடையில் வரிசையாக நின்று, தங்கள் உறுப்பினர் ஒருவர் எவ்வித அதிகாரமும் இன்றிப் பொது இடத்தில் மன்னித்துவிட்டதற்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துக் குனிந்தார்கள். அவ்வளவு அழகான குனிவை ஹமாசே அதுவரை கண்டதில்லை. அதை மைதானத்திலேயே வைத்துக்கொள்ளும்படி மக்கள் கேட்டார்கள். தலைவர் ததாமிச்சி உடனே ஒப்புக்கொண்டார்.

இப்போது ஞாயிறுதோறும் மைதானம் நிரம்பி வழிகிறது. ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள், அது வீணாக இடத்தை அடைத்தது. மன்னித்த குற்றத்துக்காக மிட்சுவே மட்டும் நடுவில் வந்து குனிகிறாள். மியாதாவிலிருந்து தனி ரயில் விடுகிறார்கள். வந்தவர்கள் கண் கலங்கி, அவளிடமே கணவாய் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். அவளை இன்றுவரை யாரும் மன்னிக்கவில்லை.