எலிக்கு வைத்த பொங்கல்

காலையில் கண்ணாயிரம் கல்லூரி ஆய்வகத்தைத் திறப்பான். ஸ்டவ்வைப் பற்றவைத்து வனஸ்பதியை உருக்குவான். மூன்று கிண்ணங்களில் எலித் தீவனத்தைக் கொட்டி, உருகியதை ஊற்றிப் பிசைவான். முதல் கிண்ணத்தில் மாத்திரைப் பொடி. இரண்டாவதில் வைட்டமின் ஈ எண்ணெய். மூன்றாவதில் மருந்து எதுவும் கிடையாது. கிண்ணங்களை மூன்று கூண்டுகளிலும் வைப்பது, கூண்டு கழுவும் அம்சவள்ளியின் வேலை. அந்த நேரத்தில் அவன் போண்டா தின்னப் போய்விடுவான். வீட்டில் சமைத்துப்போட்டவள் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மூன்றாம் கூண்டு எலிகளின் ஈரல் கொழுத்துக் கெட வேண்டும். மற்ற இரண்டும் தேற வேண்டும். அப்படி நடந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். கண்ணாயிரத்துக்கும் வேலை நிரந்தரம்.

அன்று வனஸ்பதி டின் காலியாக இருந்தது.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். கள்ளக்குறிச்சியைச் சுற்றி எல்லாச் சாலைகளிலும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். லாரி வரவில்லை. கடைகள் திறக்கவில்லை. சென்னைக்குப் போன பேராசிரியர் தனசேகரன் அங்கேயே மாட்டிக்கொண்டு டிரங்க் கால் போட்டார்.

"எலிங்க எப்படிப்பா இருக்குதுங்க?"

"நல்லாருக்குதுங்க சார்."

"மெலிய வுட்டுடாத. மூணாங்கூண்டு மெலிஞ்சா ஆராய்ச்சியும் போச்சு, ஒன் வேலயும் போச்சு."

டின் விஷயத்தை அவன் சொல்லவில்லை. வேடியப்பனின் டீக்கடை மட்டும் பின்வாசல் வழியாக நடந்துகொண்டிருந்தது.

"போண்டாவுல எண்ணெ நெறைய இருக்குமா?"

"புழிஞ்சா வெளக்கு ஏத்தலாம் சார்."

வாங்கி வந்து தீவனத்தோடு பிசைந்தான். எலிகள் ஆசையாகத் தின்றன. மறுநாள் அம்சவள்ளி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"சார், எலிங்களுக்கு வவுத்தால போவுது. நீங்க துன்ற போண்டாவையா குடுத்தீங்க?"

"ஆமா."

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலியா?"

"பழகிப்போச்சு."

எடை பார்த்தான். எல்லா எலியும் இளைத்திருந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற நெய் கச்சிராயபாளையத்தில் கிடைக்கும் என்று அம்சவள்ளி சொன்னாள். சைக்கிளை எடுத்தான். குறுக்கே கிடந்த ஒவ்வொரு மரத்தையும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டினான். திரும்பும் வழியில், வெட்டிப்போட்ட புளியமரத்தடியில் மறியல்காரர்கள் நிறுத்தினார்கள். அவர்களுக்குப் பாவாடை என்பவர் தலைவர்.

"பானையில இன்னாப்பா?"

"நெய்ங்க. எலிக்கு."

"எலிக்கா?"

"ஈரல்ல கொழுப்பு ஏத்தணுங்க."

"எலிக்கு ஏறுதோ இல்லியோ, ஒனக்கு நல்லா ஏறியிருக்குது."

நடுச்சாலையில் அண்டா நிறையப் பொங்கல் வெந்துகொண்டிருந்தது. நெய் இல்லாத பொங்கல். பாவாடை அண்டாவைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். கண்ணாயிரத்துக்குப் புரிந்துவிட்டது.

"சும்மா வாங்கல தம்பி. தூக்குல பொங்கல் போட்டுத் தரோம். எலிக்கும் வெய்யி, நீயும் துன்னு."

கண்ணாயிரம் மரத்தின் மேலேயே உட்கார்ந்து முதலில் தான் தின்றான். சுடச்சுடச் சோறு தின்று நாளாகியிருந்தது. நன்றாக இருந்தது. மிச்சத்தை மூன்று கிண்ணத் தீவனத்திலும் பிசைந்து, மருந்தை வழக்கம்போல முதல் இரண்டில் மட்டும் போட்டான். மறியல் முடிகிறவரை தினமும் தூக்கோடு போனான்.

எலிகளுக்கு மட்டும் நிலைமை மோசமானது. வயிறு சரியாகிவிட்டது; மேனி பளபளத்தது. கொழுத்து மந்தமாகக் கிடக்க வேண்டிய மூன்றாம் கூண்டு எலிகள் கம்பியில் ஏறித் தொங்கி விளையாடின.

சாலை திறந்தது. பேராசிரியர் வந்தார். கூண்டுக்கு ஒன்றாக எலிகளை அறுத்து, ஈரல்களைத் தட்டுகளில் வைத்தார். மூன்றும் ஒரே மாதிரிச் சிவப்பாக, வழவழவென்று இருந்தன.

"இது மூணாங்கூண்டு எலிதானா?"

"ஆமாங்க சார்."

"மஞ்சளா ஊதிக் கெடக்கணுமே. கொழுப்பு எங்கப்பா?"

வேலை போய்விட்டது என்று கண்ணாயிரம் முடிவுகட்டினான். போண்டா, நெய், புளியமரம், பொங்கல் எல்லாவற்றையும் சொன்னான். பேராசிரியர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"பொங்கல்ல இன்னா போட்டிருந்தாங்க?"

"மிளகு, இஞ்சி, கறிவேப்பிலைங்க சார்."

"பெருங்காயம்?"

"அது போண்டாவுல இருந்துச்சுங்க."

பேராசிரியர் எழுந்து அவன் தோளைப் பிடித்தார். "கண்ணாயிரம், வைட்டமின் ஈ பண்ற வேலைய மிளகும் இஞ்சியும் பண்ணியிருக்குதுய்யா. உலகத்துல எவனும் இதை எழுதல."

"சார், என் வேல?"

"ஒனக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பேன்?"

கண்ணாயிரம் சிரித்தான். பேராசிரியர் பேனா மூடியைத் திறந்தார். எழுதுவதற்கு முன் எதற்கும் கேட்டுவிடுவோம் என்று, தரை துடைத்துக்கொண்டிருந்த அம்சவள்ளி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, மூணாங்கூண்டுக்கு நீ தனியா ஒண்ணும் வெக்கலியே?"

அம்சவள்ளி துணியைப் பிழிந்தாள்.

"தனியா எதுக்குங்க சார் வெக்கிறேன்? ரெண்டு கூண்டுக்கு மருந்து வெச்சிட்டு ஒண்ண மட்டும் பார்த்துக்கினு இருன்னா அடுக்குமா? மொத நாள்லேர்ந்தே மூணு கிண்ணத்தையும் ஒண்ணாக் கொட்டிப் பெசஞ்சு, மூணு கூண்டுக்கும் சரிபங்காத்தான் வெச்சிக்கினு வரேன்."