சூடேறினால் மட்டும் பிடிக்கும் பிரேக்

அநியாயம் நடந்தது செல்வமாரிக்கு. நடத்தியவர் அவளுக்குத் தாலி கட்டிய பூவனநாதன். தினமும் அவள் ஓட்டுகிற காருக்கு, வருஷத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ அவர் ஓட்டப்போகும் வேகத்துக்குத் தோதான பிரேக்கை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாட்டிவிட்டார். மாட்டியதோடு நிறுத்தியிருந்தால்கூட மன்னிக்கலாம். "எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தான்" என்றாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

செல்வமாரி கால்நடை மருத்துவர். காலையில் கோவில்பட்டியில் கிளம்பி, எட்டயபுரம் தாண்டி, விளாத்திகுளம் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவாள். பூவனநாதனின் தீப்பெட்டி ஆபீஸோ தெருமுனையில் இருக்கிறது. வீட்டு வாசலில் நின்று ஒரு தும்மல் போட்டால் ஆபீஸில் "நூறு வயசு அண்ணாச்சி" என்பார்கள். அவ்வளவு கிட்டே. காருக்கு டீசல் போடுவது அவள், மழை பெய்தால் சக்கரத்தில் அப்பிய கரிசல் மண்ணைக் குச்சியால் சுரண்டுவது அவள். ஆனாலும் ஊரில் அதற்குப் பெயர் 'பூவனநாதன் அண்ணாச்சி கார்'. ஏன் என்று கேட்டால் ஊருக்குக் கோபம் வரும்.

நாற்பதைத் தாண்டியதும் சிலருக்குச் சர்க்கரை வரும். பூவனநாதனுக்கு வேகம் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பந்தயத் தடத்தில், காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் தன் காரைக் கொண்டுபோய் ஒரு நாள் முழுக்க விரட்டலாம். போன வருஷம் போனார். சில சுற்று நன்றாகத்தான் போனது. பிறகு பிரேக் சூடாகி, மிதி இட்லி மாதிரி மெத்தென்று உள்ளே போக, வளைவில் திரும்ப வேண்டிய கார் நேராகப் புல்லுக்குள் போய் நின்றது. அன்றிலிருந்து அவர் பிரேக் பக்தர்.

பக்தருக்குப் பூசாரி வேண்டாமா? ஸ்பேர் பார்ட்ஸ் கடை சுந்தரபாண்டியன் இருக்கிறார்.

"அண்ணாச்சி, உங்க கால் வேகத்துக்குக் கம்பெனி பிரேக்கெல்லாம் பத்தாது. சக்கரத்துக்குள்ள பெரிய டிஸ்க்கு, அதைக் கவ்வுற ரேஸ் பேடு, பேடைப் பிடிச்சுக்கிட செவப்புக் காலிப்பர். சக்கரத்து ஓட்டை வழியா செவப்பு தெரியணும். அதான் மரியாதை."

தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடம். இந்த ஞாயிற்றுக்கிழமையே காரில் சிவப்பு ஏறிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் செல்வமாரி வீட்டுக்குள் வந்ததும் சாவியை மேஜையில் எறிந்தாள்.

"ஏங்க, மிதிச்சா பன்னியப் பிடிச்ச மாதிரி கத்துது?"

"ரேஸ் பேடு அப்படித்தான் கத்தும். எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தான்."

"கத்தட்டும். காலையில பிடிக்கவே இல்லையே?"

"அது சூடேறினாத்தான் பிடிக்கும், மாரி. ரெண்டு சுத்து சுத்துனா அப்படியே கவ்வும்!"

"காலையில ஆடு குறுக்க வந்தா என்ன செய்ய? 'ஏ ஆடே, செத்த நில்லு, பேடு சூடேறட்டும்'னு சொல்லவா?"

"எதை எடுத்தாலும் ஆட்டையே இழுக்கே நீ."

"ஆட்டு டாக்டர் வேற எதை இழுப்பா? நானும் விசாரிச்சுட்டேன். தினசரிக்குச் சாதா பேடு. ரேஸுக்குப் போற முந்தின நாள் ரேஸ் பேடு. நல்ல பிரேக் ஆயில் மாத்துனா, போன தடவ மாதிரி மிதி உள்ள போகாது. இந்தச் செவப்புச் சாமானே தேவையில்லை."

"ஒவ்வொரு தடவையும் யாரு கழட்டி மாட்டுறது?"

"ரேஸுக்குப் போறவிய."

பூவனநாதன் அதிர்ந்துபோனார். வேகமாக ஓட்டுவது வேறு. குனிந்து கை அழுக்காவது வேறு. இரண்டும் ஒரே ஆள் செய்வதாக அவர் எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை.

"சரி, ஒரு பந்தயம்" என்றாள் செல்வமாரி. "நாளைக்கு நான் போற ரோட்டுல, நான் போற நேரத்துல, நீங்களே ஓட்டுங்க. நான் சொல்லுத எடத்துல நிறுத்துங்க. நின்னுச்சுன்னா இந்தப் பிரேக்கே இருக்கட்டும். வாயத் திறக்க மாட்டேன். நிக்கலைன்னா பழசு திரும்ப வரணும்."

"பேச்சு மாறக் கூடாது."

"நானா மாறுவேன்?"

காலையில் எழுந்ததும் பூவனநாதன், "பால் வாங்கிட்டு வாரேன்" என்று காரை எடுத்தார். பால் கடை எதிர்த்த வரிசையில் இருக்கிறது. கார் போனது பைபாஸ் ரோட்டுக்கு. அங்கே விரட்டினார், மிதித்தார், விரட்டினார், மிதித்தார். பேடு நன்றாகப் பழுத்ததும் வீட்டுக்குப் பறந்து வந்து, "கிளம்பு, கிளம்பு, நேரமாச்சு!" என்று கூவினார்.

செல்வமாரி வாசலுக்கு வந்தாள். காரிலிருந்து கருகல் வாடை. அவர் கையைப் பார்த்தாள்.

"பால் எங்க?"

பூவனநாதனும் கையைப் பார்த்தார். பால் இல்லைதான்.

"சரி, கடுங்காப்பியாவது போட்டுக் குடிச்சிட்டு வாரேன்" என்று உள்ளே போனாள்.

கல்யாணமான நாளிலிருந்து எந்த விசேஷத்துக்கும் முதலில் தயாராகி வாசலில் நிற்கிறவள் அவள். பூவனநாதன்தான் சட்டைப் பொத்தான் தேடுவார். அந்தச் செல்வமாரி அன்று காப்பியை ஊதி ஊதிக் குடித்தாள். சேலை மடிப்பைக் கலைத்துவிட்டு மறுபடி வைத்தாள். ஊசிப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினாள். தங்கச்சி பூங்கொடிக்குப் போன் போட்டு, "மாவு புளிச்சிருச்சாட்டி?" என்று விசாரித்தாள். புளித்த கதை நீண்டது.

வெளியே பூவனநாதன், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை வைத்து வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இறங்கிக்கொண்டே இருந்தது.

அவள் வந்து உட்கார்ந்தபோது பேடு பச்சைத் தண்ணீர்.

ஆனால் பூவனநாதன் தீப்பெட்டி முதலாளி. சூடு இல்லையென்றால் உரசி வரவழைக்கிற பரம்பரை. எட்டயபுரம் தாண்டியதும் வலது காலால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே, இடது காலைப் பிரேக்கின்மேல் அரைகுறையாக வைத்துக்கொண்டார்.

"ஏங்க, இடது காலு எங்க இருக்கு?"

"எங்கயோ இருக்கு. நீ ரோட்டைப் பாரு."

"ரோட்டை ஓட்டுதவியதான் பாக்கணும்."

கொஞ்ச தூரம் போனதும் செல்வமாரி விரலை நீட்டினாள். "அந்தா வேப்பமரம் இருக்குல்லா? அதுக்கு நேரா நிறுத்துங்க."

மிதித்தார். ஊர் கூடுகிற மாதிரி ஓர் அலறல். கார் மரத்துக்கு நேராக, நூல் பிடித்த மாதிரி நின்றது.

"நின்னுச்சா இல்லையா? சொல்லு, நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு" என்றாள்.

கல்யாண வாழ்க்கையில் அவள் அவரிடம் தோற்றது அதுதான் முதல் தடவை. பூவனநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. அது ஆனந்தத்தால் அல்ல, புகையால்.

தை மாசம் உளுந்து அறுப்பு. அறுத்த செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டால், போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்து மணியை உதிர்த்துக் கொடுத்துவிடும். அந்த ரோட்டில் தினமும் போகிறவர்களுக்கு இது தெரியும். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்களுக்குத் தெரியாது. வேப்பமரத்தடியில் காய்ந்த உளுந்தஞ்செடி மெத்தை விரித்த மாதிரி கிடந்தது. அதன் நட்டநடுவில் கார். சக்கரத்தில் சுற்றிய செடி கனிந்த டிஸ்க்கில் ஒட்டிக்கொண்டு கருகத் தொடங்கியிருந்தது. தீக்குச்சி இல்லாமலே தீ வைக்கத் தெரிந்த முதலாளி, அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

"டாக்டரம்மா, இறங்குங்க! சக்கரம் புகையுது!" குடமும் கையுமாக ஓடி வந்தாள் வெயிலம்மாள். உளுந்துக்குச் சொந்தக்காரி.

"தண்ணி ஊத்தாதீங்க! சூட்டுல ஊத்துனா டிஸ்க்கு கோணிரும்!" பூவனநாதன் குறுக்கே பாய்ந்தார்.

"கோணுனா கோணட்டும்! என் வெள்ளாமை கரிஞ்சா நீங்களா வெதைச்சுத் தருவிய? தள்ளுங்க அண்ணாச்சி!"

சொர்ர்ர். ஒரு குடம் இந்தப் பக்கம், இன்னொரு குடம் அந்தப் பக்கம். சிவப்புக் காலிப்பர் ஆவி விட்டது. டிஸ்க் 'டிங்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. மொத்தத்தில் கருகியது ஒரு கைப்பிடிச் செடி. பூவனநாதன் உள்ளே ஏறி, காரை லேசாக நகர்த்தி மிதித்துப் பார்த்தார். மிதி குளிர்காய்ச்சல் மாதிரி உதறியது.

"கோணிருச்சு" என்றார், யாரிடம் என்றில்லாமல். "இனி கழட்டித்தான் ஆகணும்."

"ராத்திரிக்குள்ள பழசை மாட்டிருங்க. நாளைக்கு எனக்கு டூட்டி" என்றாள் செல்வமாரி. பந்தயத்தில் தோற்றவள் பேசுகிற பேச்சாக அது இல்லை.

"கழட்டுறது இருக்கட்டும்" என்றாள் வெயிலம்மாள். "உளுந்தை நனைச்சு வச்சிட்டு அப்படியே போனா எப்படி அண்ணாச்சி? நனையாத பக்கமாவது உதிரட்டும். சக்கரந்தான் ஆறிருச்சுல்லா. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு நட போயிட்டு வாங்க."

மறுக்க முடியாது. சுற்றி நாலைந்து பெண்கள் கையில் விளக்குமாறோடு நின்றார்கள். பூவனநாதன் காரைத் திருப்பினார். மெதுவாகப் போனார், மெதுவாக வந்தார்.

விளாத்திகுளம் பஸ் வந்தது. செல்வமாரி கை காட்டி ஏறினாள். பூவனநாதன் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி, பரிதாபமாகக் கேட்டார்:

"ஏட்டி மாரி, அப்போ ஞாயித்துக்கிழமை ட்ராக்கு?"

படியில் நின்றபடி அவள் சொன்னாள்:

"அதுக்கு எதுக்குங்க கோயம்புத்தூர் வரைக்கும்? வெயிலக்கா இங்கனயே எத்தனை சுத்துன்னாலும் ஓட்டச் சொல்லுதாவ. மெதுவா மட்டும் போங்க, உளுந்து உடைஞ்சிரப்பிடாது."