அடைக்கோழி காலி செய்த ஏர் பாக்ஸ்

வீட்டில் குரல் எடுபடாத ஆண்கள்தான் வண்டிக்குக் குரல் வாங்கிக் கொடுப்பார்கள் என்பது என் கட்சி. இதை ஆராய்ந்து சொல்லவில்லை, அனுபவித்துச் சொல்கிறேன். விழுப்புரத்தில் பம்புசெட் விற்கும் கடையில் எனக்கு வேலை. கடையில் முதலாளி பேசுவார், வீட்டில் அம்மா பேசுவார், மிச்சம் மீதி நேரத்தை என் மனைவி சுகந்தி எடுத்துக்கொள்வாள். இந்த நிலைமையில் பழைய சின்ன கார் ஒன்று வாங்கினேன். அதுவும் என்னைப் போலவே சத்தம் போடாமல் ஓடியது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வளவனூரில் கார் சாமான் கடை வைத்திருக்கும் குமரேசன் என் பள்ளித் தோழன். காற்றை வடிகட்டி உள்ளே விட கம்பெனி கொடுத்த பெட்டி, அதாவது ஏர் பாக்ஸ், இன்ஜினின் மூக்கைப் பொத்தி வைத்திருக்கிறது, அதைக் கழற்றிவிட்டு மூடி இல்லாத ஃபில்டரை மாட்டினால் வண்டி தாராளமாக மூச்சு விடும், பிக்கப் பிய்த்துக்கொண்டு போகும் என்றான். (பள்ளியில் அறிவியல் பரீட்சையை அவன் என்னைப் பார்த்துத்தான் எழுதினான். அதனால் அவன் சொன்னதை நம்பியது என் தவறுதான்.) மாட்டினோம். பானெட்டைத் திறந்தால் சிவப்பாக, கூம்பு மாதிரி அழகாக உட்கார்ந்திருந்தது. பிக்கப் எங்கும் போகவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. சத்தம் மட்டும் வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அப்படி ஒரு உறுமல். நான் தெருமுனையில் திரும்பும்போதே அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவார். அந்த ஃபில்டரால் எங்கள் குடும்பம் அடைந்த ஒரே பயன் சூடான தோசை.

சுகந்திக்கு ஏழாம் மாதம் வந்தது. வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். அவளுக்குத் தாய்வீடு திண்டிவனம். அவர்கள் வேன் எடுத்துக்கொண்டு வருவார்கள், வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். எனக்கு அவளை நம் காரில் நானே கொண்டுபோய் விட வேண்டும் என்று ஆசை. எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் தனியாகப் பேசிக்கொள்ள இடம் கிடையாது. போனால் குழந்தையோடு திரும்பிவர எத்தனையோ மாதம் ஆகும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை உள்ள அந்தச் சாலை மட்டுமாவது எனக்கு வேண்டியிருந்தது. இதைச் சிரிக்காமல்தான் சொல்கிறேன்.

மாமனாரிடம் கேட்டேன். அவர் ஒரு நிபந்தனை வைத்தார்.

"நான் ரைஸ் மில்லுலயே காலத்த ஓட்டனவன் மாப்ள. உங்க வண்டி சத்தத்துல எனக்கே காது அடைக்குது. வவுத்துல கீற புள்ள இன்னா பண்ணும்? சத்தத்த எடுத்துட்டீங்கன்னா உங்க வண்டியில வரட்டும். இல்லன்னா எங்ககூட வேன்ல வரட்டும்."

இதென்ன பிரமாதம், பழைய ஏர் பாக்ஸை எடுத்து மாட்டினால் தீர்ந்தது என்று பின்கட்டுக்குப் போனேன். கழற்றிய பாக்ஸை அங்கேதான் போட்டு வைத்திருந்தேன். மேல்பாதி சுவரோரம் கிடந்தது. கீழ்ப்பாதியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் எங்கள் கறுப்புக் கோழி அடை உட்கார்ந்திருந்தது. ஆழமும் அகலமும் அளவெடுத்தாற்போல் இருந்ததால் அம்மாதான் உட்கார வைத்திருக்கிறார். நான் கையை நீட்டியதும் கோழி ஒரு கொத்து கொத்தியது. சத்தம் கேட்டு அம்மா வந்தார்.

"புள்ளத்தாச்சி கீற ஊட்டுல அடைக்கோழிய எழுப்புவாங்களாடா? அது பொரிச்சிக்கினு எறங்கட்டும். அப்புறம் உன் பொட்டிய எடுத்துக்க."

வேறு கூடைக்கு மாற்றலாமே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். முட்டை கூமுட்டையாகிப் போனால் யார் பொறுப்பு என்று திருப்பிக் கேட்டார். சுகந்தியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா பக்கம் நின்றாள். புதிய பாக்ஸ் வரவழைக்கச் சொன்னால், அது வருவதற்குள் உனக்குக் குழந்தையே பிறந்துவிடும் என்றான் குமரேசன். அதன் பிறகு தினமும் வேலைக்குப் போகும்முன் போய்க் கோழியைப் பார்ப்பேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லி வாசலில் நிற்கும் வீட்டுக்காரரைக் குடித்தனக்காரர் பார்ப்பதுபோல் அதுவும் என்னைப் பார்க்கும்.

அந்தப் பாழாய்ப்போன கோழி, வளைகாப்பு அன்று காலையில்தான் பொரித்தது. வீட்டில் எல்லோரும் நல்ல சகுனம் என்று மகிழ்ந்தார்கள். நான் முட்டை ஓடுகளைக் கொட்டிவிட்டுப் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தேன். குமரேசன் ஒரு கல்யாணத்துக்குக் கண்டாச்சிபுரம் போய்விட்டான். போனால் போகட்டும், வீடியோ பார்த்து நானே மாட்டிக்கொள்கிறேன் என்று பின்வாசல் பக்கம் காரை நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

சிவப்பு ஃபில்டரைக் கழற்றும்வரை எல்லாம் சரியாக நடந்தது. கழற்றியதும் இன்ஜினுக்குப் போகும் ரப்பர்க் குழாயின் வாயில் தூசி விழாமல் சுத்தமான துணியைச் செருகச் சொன்னார் போனில் ஓடிய வீடியோக்காரர். விசேஷ வீட்டில் சுத்தமான துணியெல்லாம் யார் மேலாவது இருந்தது. சுற்றிலும் பார்த்தேன். வந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய தாம்பூலப் பைகள் பின்கட்டில் வரிசையாக இருந்தன. ஒரு பையிலிருந்து கிளிப்பச்சை ரவிக்கைத் துணியை எடுத்தேன். வேலை முடிந்ததும் மடித்துத் திரும்ப வைத்துவிடலாம் என்பது திட்டம். கோழி கிளப்பிய தூசிக்குப் பயந்து அதை நன்றாக உள்ளே தள்ளிச் செருகினேன்.

அந்த நேரம் பார்த்து, சந்தனம் பூச மாப்பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். கன்னத்தில் சந்தனம், பக்கத்தில் கை நிறைய வளையலோடு சுகந்தி, எதிரில் போட்டோக்காரர். எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பி வந்து அதே குஷியில் பாக்ஸை வைத்து, குழாயைச் சேர்த்து, கிளாம்பை முறுக்கினேன். மாட்டும்முன் துணியை எடுத்துவிடுங்கள் என்று வீடியோக்காரர் கட்டாயம் சொல்லியிருப்பார். அவர் சொன்னபோது நான் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் சோதனைக்கு வந்தார். சாவியைத் திருப்பியதும் வண்டி கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு கிளம்பியது. மூச்சுக்கூடக் கேட்கவில்லை. அவர் பானெட்டின் மேல் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து, சுகந்தியை என் காரில் ஏறச் சொன்னார். ராகுகாலம் பிறப்பதற்குள் திண்டிவனத்தில் வீட்டுப்படி ஏறிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். நாங்கள் முன்னால் போக, சொந்தக்காரர்கள் வேனில் பின்னால் வந்தார்கள்.

விழுப்புரத்தைத் தாண்டும்போதே வண்டி மிதித்த மிதிக்குப் போகவில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் லாரிகள் எங்களை முந்தின. பிறகு ஒரு ஷேர் ஆட்டோ முந்தியது. அப்புறம் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்து வழி கேட்டது. கொடுத்தேன். கொடுக்காவிட்டாலும் அது போயிருக்கும்.

சுகந்தி என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, எனக்காகவா இவ்ளோ மெதுவா ஓட்றீங்க?"

"பின்ன?" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. வளையல் குலுங்க என் கைமேல் கை வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், சத்தியமாக எடுத்தேன். ஆனால் அந்தக் கையை எடுத்துவிடுவாளே என்று மூடிக்கொண்டேன். கூட்டேரிப்பட்டை நெருங்கும்போது கார் இரண்டு முறை இருமி, சாலையோரமாக நின்றுவிட்டது. கையும் போய்விட்டது.

வேன் பின்னால் வந்து நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பானெட்டைத் திறந்துவைத்து எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒரு இழவும் புரியவில்லை. அதற்குள் வேன் ஜன்னலில் இன்னொரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாமியாரின் தங்கை, நான் சின்ன அத்தை என்று கூப்பிடுகிறவர், தாம்பூலப் பையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"எல்லார் பையிலயும் ரவிக்கத் துணி கீது மாப்ள. எனக்கு மட்டும் வெத்தல பாக்கும் தேங்காயும்தான். நான் இன்னா கொறஞ்சி பூட்டேன்னு உங்கம்மாவ ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க."

மாமியார் முகம் மாறிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. துணி எங்கே இருக்கிறது, வண்டி ஏன் நின்றது என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே பதில். சொல்லாவிட்டால் அம்மா பெயர் திண்டிவனம் முழுக்கக் கெடும். சொன்னால் என் பெயர் கெடும். (அம்மாவையே விட்டுக்கொடுத்துவிடலாமா என்று கொஞ்சம் யோசிக்கவும் செய்தேன். மனிதன்தானே.)

எல்லோரும் போய் வேனில் உட்காருங்கள், வெயிலாக இருக்கிறது என்றேன். திறந்த பானெட்டை விட்டுவிட்டு நம் ஊரில் யார் போவார்கள்? இன்னும் நெருங்கி வந்தார்கள். ஸ்க்ரூடிரைவரால் கிளாம்பைத் தளர்த்தி, குழாயைப் பிரித்து, முதுகால் மறைத்துக்கொண்டு இரண்டு விரலை உள்ளே விட்டேன். கிளிப்பச்சை முனை கிடைத்தது. இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. மாமனார் ஏதோ உதவி என்று நினைத்து மறு முனையைப் பிடித்துக்கொண்டார். நடுரோட்டில் நாங்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நின்றதைப் பார்த்து, துணி வியாபாரம் என்று நினைத்து ஒரு ஸ்கூட்டர்காரர் வேகத்தைக் குறைத்தார்.

"இந்தாங்க சின்ன அத்தை, உங்களுதுதான்" என்று நீட்டினேன். வேறென்ன சொல்வது?

முதலில் சிரித்தது சுகந்தி. காரில் உட்கார்ந்தபடி, வளையல் எல்லாம் குலுங்க, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதைப் பார்த்த மாமியார் வலி வந்துவிட்டது என்று அலறினார். அவள் இல்லையென்று சொல்லவும் சிரிப்பு விடவில்லை. நாலு பேர் கைத்தாங்கலாக அவளை வேனில் ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டார்கள். அவள் இடத்தில் மாமனார் ஏறி உட்கார்ந்தார்.

குழாயை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். கார் காற்றாய்ப் பறந்தது. அவளோடு பேசிக்கொண்டு போக வேண்டும் என்று நான் பாடுபட்டு உண்டாக்கிய அமைதியில், மாமனார் ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். திண்டிவனம் மேம்பாலம் ஏறும்போதுதான் தொண்டையைச் செருமினார்.

"வண்டி நல்லாத்தான் கீது மாப்ள," என்றார். மீதியை என் மரியாதை கருதி விழுங்கிவிட்டார்.

ராகுகாலம் பிறக்கும்முன் வீட்டுப்படி ஏறிவிட்டோம். சின்ன அத்தை அந்தத் துணியை வாங்கிக்கொள்ளவில்லை. மசிக்கறை பட்ட துணியில் ரவிக்கை தைத்தால் எந்த விசேஷத்துக்குப் போடுவது என்று மாமியார் கையிலேயே கொடுத்துவிட்டார். அது அங்கேயே கிடந்தது.

மகள் பிறந்தாள். பச்சைக் குழந்தைக்கு எடுத்த எடுப்பில் புதுத்துணி போடக் கூடாது, யாராவது போட்டுப் பழகிய துணிதான் ஆகும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமியார் அந்தக் கிளிப்பச்சைத் துணியைத் துவைத்து, கறையை ஓரம் கட்டி, கையளவுச் சட்டை ஒன்று தைத்து வைத்திருந்தார். இது புதுத்துணியாயிற்றே என்று நர்ஸம்மா வரை கேட்டார்கள். மாமியார் அசரவில்லை. "இது புதுசு இல்லம்மா. காரு ஒருதடவ போட்டுக் கழட்டனது" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் யார் வண்டி எங்கே நின்றாலும், ரவிக்கைத் துணியைப் பார்த்தாயா என்பதுதான் முதல் கேள்வி. சிவப்பு ஃபில்டர் இப்போது பின்கட்டில் கிடக்கிறது. எந்தக் கோழியும் அதைச் சீந்தவில்லை. சட்டை மட்டும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் ஓடிப்போய் அதை எடுத்து வந்து, ஓரத்தில் இருக்கும் கறையைத் தொட்டுக் காட்டுவாள்.

"இது எங்கக்காவோட சட்ட," என்பாள். எந்த அக்கா என்று கேட்டால், வாசலில் நிற்கும் காரைக் காட்டுவாள்.