வால்வு அண்ணனின் நாலு தெரு வானொலி

இந்தியாவிலேயே சொந்தமாக வானொலி நிலையம் வைத்திருந்த ஒரே மனிதர், காஞ்சிபுரத்தில் எங்கள் எதிர்வீட்டில்தான் குடியிருந்தார். பெற்றவர்கள் ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். எங்களுக்கு அவர் வால்வு அண்ணன். ரேடியோ ரிப்பேர் தொழில். சட்டைப் பையில் மற்றவர்கள் வெற்றிலை வைத்திருந்தால் இவர் இரண்டு வால்வு வைத்திருப்பார்.

ரேடியோ கேட்பதற்கே தபால் ஆபீசில் லைசென்ஸ் எடுக்க வேண்டிய அறுபதுகள் அவை. இவரோ பழைய வால்வுகளைத் தகரப் பெட்டிக்குள் முடுக்கி, தென்னைமரத்தில் கம்பி கட்டி, மீடியம் வேவில் பேசவே ஆரம்பித்துவிட்டார். நாலு தெருவுக்குக் கேட்கும். ஐந்தாவது தெருக்காரர்கள் பொறாமையில் வெந்தார்கள்.

செய்தியெல்லாம் உள்ளூர்ச் சரக்கு. காணாமல் போன ஆடு, மாமியார் மருமகள் சண்டைக்குத் தீர்ப்பு. மூன்றாவது வீட்டில் தறிச் சத்தம் கேட்கவில்லையே, உடம்புக்கு என்ன என்று விசாரிப்பும் உண்டு. ஒரு மதியம் மைக்கை அணைக்காமல் தூங்கிவிட்டார். முக்கால் மணி நேரம் நாலு தெருவும் குறட்டை கேட்டது. இருந்ததிலேயே அதுதான் நல்ல நிகழ்ச்சி என்று சொன்னவர்களும் உண்டு.

ஆனால் மழை விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. எங்கள் நெசவாளர்கள் காலையில் பாவு, அதாவது தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். அது மழையில் நனைந்தால் இழையெல்லாம் சிக்கிப் பிழைப்பே போச்சு. வால்வு அண்ணன் இன்னொரு ரேடியோவில், எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்திவைத்திருப்பார். தூரத்தில் மின்னல் வெட்டினாலே அது கரகரக்கும். கரகரப்பு வலுத்தால் மழை வருகிறது என்று அர்த்தம்.

ஜெயராமன் என்ற நெசவாளருக்கு மட்டும் இவரைக் கண்டால் ஆகாது. கொழும்பு வானொலிப் பாட்டுக்கு நடுவில் ஆட்டுச் செய்தி புகுந்தால் யாருக்குத்தான் ஆகும்? மேலிடத்துக்கு மனு எழுதிப் போட்டுவிட்டார்.

ஒரு ஐப்பசிக் காலையில் அந்த மனுவோடு அதிகாரி வந்து இறங்கினார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணன் பெட்டியின்மேல் சாக்கைப் போட்டு மூடினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ரேடியோ கரகரத்தது. தெருவில் கட்டியிருந்தது ஜெயராமனுடைய பாவு.

"வாயத் தொறந்தா பெட்டி போயிடும்ணே" என்றேன்.

"தொறக்கலன்னா பாவு போயிடும்பா" என்று சாக்கை விலக்கி மைக்கைப் பிடித்தார்.

"ஜெயராமா, வானத்தப் பாத்துக்கினு நிக்காதே. கால் மணியில மழ வருது. பாவச் சுருட்டு."

வீட்டுக்கு வீடு அதே குரல். பளிச்சென்ற வெயிலில் நடுத்தெருவில் நின்று அதிகாரியும் கேட்டார். ஜெயராமன் மறுபேச்சுப் பேசாமல் பாவை அவிழ்த்தார். ஆள் பற்றாததால் யாரோ அதிகாரியின் கையில் ஒரு முனையைத் திணித்து, தொய்யவிடாமல் பிடிக்கச் சொன்னார்கள். அன்று அரசாங்கமே எங்களுக்குப் பாவு பிடித்தது. கடைசி முழம் உள்ளே போனதும் கொட்டியது பாருங்கள் மழை.

அதிகாரி ஒதுங்கிய இடம் வால்வு அண்ணனின் கடை! சட்டையெல்லாம் கஞ்சி. பெட்டியைப் பார்த்தார். பின்னாலேயே நனைந்து வந்த ஜெயராமனிடம் மனுவை நீட்டி, கையெழுத்து உங்களுடையதுதானே என்றார்.

"கையெழுத்து என்னுதுதான் சார். அன்னிக்கு இருந்த புத்திதான் என்னுது இல்ல. இங்க ஸ்டேசன் எதுவும் கெடையாது. மழ சொல்ற பெட்டி ஒண்ணு இருக்குது."

அதிகாரி கொஞ்ச நேரம் அந்தக் கரகரப்பைக் கேட்டார். பிறகு, விசாரித்ததில் நிலையம் எதுவும் காணப்படவில்லை என்று மனுவின்மேல் எழுதி மடித்துக்கொண்டு போனார்.

ஜெயித்த மனிதர் என்ன பேசப்போகிறார் என்று எல்லோரும் வீட்டுக்கு ஓடி ரேடியோவைத் திருகினோம். மழைச் சத்தத்தோடு அவர் விசும்புவதுதான் வந்தது. நாலு தெருவில் ஒரு வீட்டிலும் ரேடியோவை அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை.